இருபத்தாறு நாள் மாதம்

சலவை ஆலையில் மாதத்துக்கு இருபத்தாறு நாள். வருகை அட்டையில் இருபத்தாறு கட்டம்தான் அச்சடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் இடமில்லை. இருபத்தேழாவது வேலை நாள் விழுகிற மாதத்தில் ஆபீஸ்காரர் அட்டையின் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டுத் தருவார், சொந்த நிலத்தில் ஒரு மூலையை எழுதிக் கொடுப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, உயரத்தால் நெட்டை என்றே பேராகிப்போனவளுக்கு அடிவயிறு இழுத்தது. சுவரில் ஆணியில் தொங்கிய மரக்கட்டையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். விரிப்பை உலர்த்தித் தேய்க்கிற ரோலர் ஒன்றுக்கு ஒரு கட்டை. ஒருத்தி போய்வந்து கட்டையை மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். உள்ளே போய்ப் பார்த்தாள். விலக்கு வந்திருந்தது. திரும்பும் வழியில் வாசல் பக்கம் ஒதுங்கித் தன் அட்டையை உருவி, அன்றைய கட்டத்தின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அது ஐந்தாவது கட்டம்.

ரோலரிலிருந்து ஆவி பறக்க வந்த படுக்கை விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தபடி குட்டையக்கா காத்திருந்தாள்.

"என்னடி, வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

"அப்பாடா! மகாராணி எழுந்தருளிட்டாங்க. எனக்கெல்லாம் சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்குது. உனக்கு மட்டும் மாத்திரை போட்டுக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருக்கு."

நெட்டை மற்ற இரண்டு மூலையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி விரிப்புகள் அவை. கீழே வெளுத்து, பிழிந்து, மேலே வந்து ரோலரில் காய்ந்து தகடாக வெளியே விழும். விழுந்ததை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து, உதறி, இரண்டு எட்டு முன்னால் வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒன்பது வருடமாக இவள் ஒரு முனை, குட்டையக்கா மறுமுனை. உயரம் பொருந்தாததால் ஒவ்வொரு விரிப்புக்கும் நெட்டை முதுகை வளைப்பாள். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை.

"பாத்து எண்ணுடி. இது கடைசி ஆட்டம்."

"தெரியும்கா."

கடைசி ஆட்டம்தான். கல்யாணமாகிப் பதினொரு வருடம், வயது முப்பத்தைந்து. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மாதவிலக்கு நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. மூன்று மாதம், ஐந்து மாதம், ஒரு தடவை ஏழு மாதம். கல்யாணத்துக்கு முன் அதை ஒரு வசதி என்றே நினைத்திருந்தாள். மூட்டை தூக்குகிற வேலையில் மாதா மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, நமக்கு அந்தச் சனியன் இல்லை என்று. பிறகு முகவாயில் முடி முளைத்தது. தினமும் விடியற்காலையில் எல்லாரும் எழுவதற்கு முன் சுவரைப் பார்த்து நின்று மழித்துக்கொண்டாள். தின்பதைக் குறைத்தாலும் இடுப்பு மட்டும் பருத்தது. முடிக்கு அப்பன் வழி ரத்தம், இடுப்புக்கு அடங்காத நாக்கு, விலக்கு வராததற்கு உடம்புச் சூடு என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். மூன்றையும் மூன்று தனித்தனிக் குற்றமாகவே சுமந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாதான் ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"மூணும் ஒண்ணுதான்மா. மாசா மாசம் சினைப்பையில நிறைய முட்டை வளர ஆரம்பிக்கும். அதுல ஒண்ணு மட்டும் முந்திப் பெருசாகி, வெடிச்சு வெளிய வரணும். மத்ததெல்லாம் சுருங்கிடும். உனக்கு எதுவும் முந்தல. எல்லாம் பாதி வளந்து அப்படியே நிக்குது. பாரு, ஓரத்துல வரிசையா கறுப்புப் புள்ளி. நீர்க்கட்டி நீர்க்கட்டின்னு சொல்றாங்களே, அது கட்டியே இல்ல. வளராத முட்டைங்க. வெடிச்சாத்தான் விலக்கு ஒழுங்கா வரும், வெடிச்சாத்தான் புள்ளையும். உடம்புல இன்சுலின் கூடிப்போச்சு, அதோட ஆம்பள ஹார்மோனும் கூடிப்போச்சு. முடி, எடை, எல்லாம் அதோட வேலை. நீ செஞ்ச தப்பு ஒண்ணும் இல்ல."

மறுநாள் அதைக் குட்டையக்காவிடம் தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாள். "ரோலருக்குள்ள ஒரே நேரத்துல பத்து விரிப்பு மாட்டிக்கிட்டா என்னக்கா ஆகும்?"

"ஒண்ணும் வெளிய வராது. பெல்ட்டு கருகும். சூப்பர்வைசர் ஆத்தாள இழுப்பான்."

"அதுதான் எனக்கு."

"அடிப்பாவி. இதுக்கா உன்ன இத்தன வருஷம் மலடி மலடின்னாளுங்க? மெஷின் ரிப்பேருன்னு சொல்லியிருந்தா ஆயிலாவது விட்டிருக்கலாமே."

மூன்று குற்றத்துக்கும் ஒரே கைதி என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. ஒரு வாரம் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டதாலேயே முட்டை வெடித்துவிடாது.

அதற்கப்புறம் மருந்து. சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரையைக் காலையும் இரவும் விழுங்கினாள். அது வயிற்றைக் கலக்கியது. ஒரு நாளில் நாலு தடவை கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டான்: "நெட்ட, அந்தக் கட்டைய உன் பேருக்கே எழுதி வச்சிரலாமா?"

"எழுதி வைங்க சார். நாளைக்கு என் புள்ளைக்குச் சொத்தா இருக்கும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு நின்றபின் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எடை குறைக்கப் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தாள். பத்து மணி நேரம் நின்ற காலோடு ஐந்து கிலோமீட்டர். ஒன்பது கிலோ குறைந்தாள். விலக்கை வரவழைக்க ஒரு மாத்திரை, வந்த மூன்றாம் நாளிலிருந்து முட்டை வளர ஐந்து மாத்திரை, பன்னிரண்டாம் நாள் ஸ்கேன். ஐந்து தடவை இப்படி. ஐந்து தடவையும் திரையில் அதே கறுப்புப் புள்ளிகள். நாலாவது தடவை ஒன்று கொஞ்சம் வளர்ந்து, வழியில் சண்டை போட்டுக்கொண்டவன் போல நின்றுவிட்டது. ஐந்தாவது தடவை மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அப்போதும் இல்லை.

அவள் புருஷன் கிரேன் ஓட்டுகிறவன். ஓர் இரவுப் பயண தூரத்தில் ஆற்றுப் பாலம் கட்டுகிற இடத்தில் தகரக் கொட்டகையில் கிடந்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவான், அல்லது அவள் ஸ்கேனுக்கு வரச் சொன்னால் வருவான். அவனுக்கும் பரிசோதனை எடுத்தார்கள். முடிவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், "எல்லாம் நல்லா நீந்துதாம். எனக்குத்தான் நீச்சல் தெரியாது" என்றான். அவள் அன்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள். அவன் பக்கம் குறையில்லை என்றால் குறை எங்கே என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

பாலம் முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்து கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் மூன்று வருட ஒப்பந்தம். இடையில் விடுமுறை இல்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, போகாவிட்டால் வேலையே இல்லை. அவன் திரும்பும்போது அவளுக்கு முப்பத்தெட்டு முடிந்திருக்கும். போகும் முன் பெரிய நகரத்தில் அவனுடையதை எடுத்து உறைய வைத்துவிட்டுப் போகலாம் என்று டாக்டரம்மா ஒரு தடவை சொன்னார். அந்தக் கட்டடத்துக்குள் நுழைய வேண்டிய செருப்பு இருவரிடமும் இல்லை. ஆகவே இந்த ஒரு சுற்று. இந்தச் சுற்றில் ஒரு முட்டை வெடிக்க வேண்டும், வெடிக்கிற நேரத்தில் அவன் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில், வேலை நேரத்தில் வாங்கி வைக்கிற பெட்டியிலிருந்து போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். முந்தைய ஐந்து தடவையும் நேரில் வரச் சொல்லித் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்த நர்சம்மா, இந்தத் தடவை பின்னால் யாரையோ அதட்டிக்கொண்டே பேசினார்.

"ஆறாவது தடவைம்மா, உனக்குத் தெரியாததா? நீயே எனக்குப் பாடம் எடுப்ப. மாத்திரை கையில இருக்குல்ல? மூணாம் நாள்லேருந்து அஞ்சு. எண்ணிப் பன்னெண்டாம் நாள் காலைல வந்துரு. வீட்டுக்காரரையும் வரச் சொல்லு. வளந்திருந்தா வெடிக்கிறதுக்கு ஊசி போட்டு அனுப்பிடுவோம்."

அடுத்து அவனுக்குப் பேசினாள். எதிரில் காற்று இரைந்தது. கிரேன் கூண்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

"ஏங்க, இன்னைக்கு முதல் நாள். பன்னெண்டாம் நாள் காலைல இங்க இருக்கணும்."

"இருக்கேன். முன்னாடி ராத்திரி வண்டி ஏறினா விடிய வந்துருவேன்."

"எண்ணிக்கோங்க."

"எண்ணாம? அறுபதடி உசரத்துல உக்காந்து வேற என்னத்த எண்ணப் போறேன், காக்காயா?"

மாத்திரை ஐந்தையும் இரவுக்கு ஒன்றாகப் போட்டாள். மாத்திரை அட்டை காலியானால் முடிந்தது, அதை எண்ண வேண்டியதில்லை. மற்றதை வருகை அட்டை பார்த்துக்கொண்டது. காலையில் நேரம் பதிகிற இயந்திரத்தின் வாயில் அட்டையைக் கொடுத்ததும் 'டக்' என்று கடிக்கும். கடித்த இடத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பாள். உள்ளே வந்ததும் குட்டையக்கா கேட்பாள்: "எத்தன?" "ஆறுக்கா." "எத்தன?" "எட்டு." ஆலையில் எதற்கும் இதுதான் கணக்கு. 'பத்து நாள்ல சரக்கு போகணும்' என்றால் பத்துக் கட்டம். 'எட்டு நாள் லீவு போட்டா சீட்டு கிழியும்' என்றால் எட்டுக் கட்டம். வெள்ளிக்கிழமை எட்டாவது புள்ளி, சனிக்கிழமை ஒன்பதாவது புள்ளி.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி துவைத்தாள். ஆறு நாள் ஊரார் துணி, ஏழாம் நாள் தன் துணி. மாமியார் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவள். வலது கை விரல் இரண்டு மடங்காது. எட்டுப் பெற்று நாலைப் புதைத்தவள். மருமகளைக் குத்திப் பேசத் தெரியாது, பேசாமல் இருக்கவும் தெரியாது.

"இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"ஒம்போது அத்தை."

"நேத்தும் ஒம்போதுன்ன மாதிரி இருந்துச்சு?"

"நேத்துதான் ஒம்போது. இன்னைக்கு ஞாயிறுல்ல."

"ஆமாமா, ஞாயிறு." கிழவி தலையை ஆட்டினாள். குவாரியில் அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை பேர் கூப்பிட்டதில்லை. "எனக்கெல்லாம் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல வந்து பொறந்துச்சுங்க. கல்லு உடைக்கிற எடத்துலயே ரெண்டு. வேணும்னு கேக்குறவளுக்கு இல்ல. என்னத்தச் சொல்ல."

"ஒண்ணும் சொல்லாதீங்க அத்தை, சோப்ப எடுத்துக் குடுங்க."

மறுநாள் திங்கட்கிழமை. பத்தாவது புள்ளி. அன்று வந்தது பிரசவ வார்டு மூட்டை. வெளுத்தபின்னும் அந்த விரிப்புகளில் ஒரு மங்கல் பழுப்பு இருக்கும். மற்றவர்கள் கவனிப்பதில்லை. மதியம் மூன்று மணி வாக்கில் நெட்டைக்கு இடது பக்க அடிவயிற்றில் சுருக்கென்று குத்தியது. ஒரு விரல் உள்ளேயிருந்து தட்டுவது போல. பிடித்த மூலையை விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது.

"என்னடி?"

"குத்துதுக்கா. இடது பக்கம்."

"வாயுவா இருக்கும். அந்தப் பாழாப்போன மாத்திரை வேற. போய்ச் சித்த உக்காரு."

"புதன்கிழமை லீவு கேட்டிருக்கேன். இன்னைக்கு உக்காந்தா அதையும் குடுக்க மாட்டான்."

குனிந்து விரிப்பை எடுத்து உதறினாள். மாலை வரைக்கும் குத்து இருந்தது. அன்று அவர்கள் ரோலர்தான் அதிகம் மடித்தது. சூப்பர்வைசர் பலகையில் அவர்கள் எண்ணிக்கைக்குக் கீழே இரண்டு கோடு போட்டான். வீட்டுக்குப் போய் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தாள். செவ்வாய்க்கிழமை குத்து இல்லை. பதினொன்றாவது புள்ளி.

புதன்கிழமை விடிந்தபோது அவன் வந்துவிட்டான். தோளில் பை, கண்ணில் தூக்கம், சட்டையில் கிரீஸ். இரண்டு நாள் விடுப்பு. வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும். இரண்டு வாரத்தில் அங்கிருந்தே விமானம்.

"சொன்ன மாதிரி வந்துட்டேனா?" என்றான்.

"வந்துட்டீங்க."

ஆஸ்பத்திரியில் அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் உள்ளே படுத்தாள். டாக்டரம்மா கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், வழக்கமான புள்ளிகள். இடது பக்கம் வந்ததும் கை நின்றது. திரையை இரண்டு தடவை பெரிதாக்கினார்.

"வெடிச்சிருக்கு" என்றார்.

நெட்டைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வெடிச்சிருச்சா? எனக்கா டாக்டர்? வந்துருச்சா?"

"படும்மா, படு. ஆமா. இடது பக்கம் நல்லா வளந்து வெடிச்சிருக்கு. பின்னால நீர் கோத்திருக்கு பாரு, அதுதான் அடையாளம்." டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பன்னெண்டாம் நாள்னா இவ்வளவு சீக்கிரம் ஆகாதே. வயித்துல வலி ஏதாவது இருந்துச்சா?"

"திங்கக்கிழமை. மூணு மணிக்கு. இடது பக்கம் குத்துச்சு."

"விலக்கு எப்ப வந்துச்சு? தேதி சொல்லு."

"அஞ்சாவது கட்டம்..."

"கட்டமா? தேதிம்மா."

"வியாழக்கிழமைங்க. போன வாரத்துக்கு முந்தின வியாழன்."

நர்சம்மா மேசைக் காலண்டரில் பேனா முனையால் தட்டிக்கொண்டே வந்தார். "பன்னெண்டு, திங்கள். பதிமூணு, செவ்வாய். டாக்டர், இன்னைக்குப் பதினாலு."

"இல்லீங்க, பன்னெண்டு" என்றாள் நெட்டை. "கார்டுல தினம் புள்ளி வச்சிருக்கேன். தப்பே இருக்காது." படுத்தபடியே விரலை மடக்கினாள். வியாழன், வெள்ளி, சனி. மூன்று விரல் மடங்கியது. நாலாவது விரல் அப்படியே நின்றது. அதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

நர்சம்மா பேனாவை மூடினார். "நான் தேதி எழுதிக் குடுத்திருக்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

"முட்டை எவ்வளவு நேரம் இருக்கும் டாக்டர்?" என்றாள் நெட்டை.

"ஒரு நாள். அதுக்கு மேல தாங்காது." பிறகு, "திங்கள் சாயந்திரமோ ராத்திரியோ வெடிச்சிருந்தா இப்ப நேரம் தாண்டியாச்சு. உறுதியாச் சொல்ல முடியாது, இன்னைக்குச் சேந்து இருங்க, ஒண்ணும் கெட்டுப்போகாது. ஆனா நான் ஆசை காட்ட மாட்டேன். ஒரு தடவை வெடிச்சிருக்குன்னா மாத்திரை உனக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அடுத்த மாசமும் வெடிக்கலாம்" என்றார்.

"அடுத்த மாசம் அவரு இருக்க மாட்டாரு டாக்டர்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். அதற்கு அவரிடம் மாத்திரை இல்லை.

வெளியே வந்தபோது அவன் பெஞ்சில் பையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"வெடிச்சிருச்சாம்."

"முட்டையா? நெசமாவா?" அவன் சத்தத்தில் அங்கே உட்கார்ந்திருந்த நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாத்தியா! பதினோரு வருஷமா முறுக்கிக்கிட்டு நின்னது, நான் ஊர விட்டுப் போறேன்னதும் பயந்துக்கிட்டு வந்துருச்சு பாத்தியா!"

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று ஞாபகமில்லை. வாயை மூடிக்கொண்டாள். வாசலில் இருந்த கடையில் அவன் இரண்டு டீ சொன்னான். டீக்காரரிடம்கூடக் காரணமில்லாமல் சிரித்தான். அந்த இரண்டு நாளும் அவன் விசிலடித்துக்கொண்டே ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தான், கதவுக்கு எண்ணெய் விட்டான், அம்மாவின் கட்டிலுக்கு ஒரு கால் மாற்றினான். இரவில் அவளைத் தொட்டபோது ஏதோ ஒரு நல்ல காரியத்தைச் செய்கிறவன் போல ஜாக்கிரதையாகத் தொட்டான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பூட்டிப் போன கடையின் முன்னால் வரிசையில் நிற்பது போல இருந்தது.

வியாழக்கிழமை ஆலையில் குட்டையக்காவிடம் மட்டும் சொன்னாள். ஒரு விரிப்பு மடிப்பதற்குள் சொல்லி முடிந்துவிட்டது.

குட்டையக்கா மூலையைப் பிடித்தபடி நின்றாள். "ஞாயித்துக்கிழமையா?"

"ரெண்டு ஞாயிறு."

"நானும்தானேடி தினம் எத்தன எத்தனன்னு கேட்டேன். எனக்குமா தோணல? நாசமாப் போச்சே. குத்துது குத்துதுன்னு நீ நின்னப்ப வாயுன்னு சொன்ன இந்த வாயில மண்ண அள்ளிப் போட. மூணு பெத்தவ பேசுற பேச்சா அது?"

"விடுக்கா. உனக்கென்ன ஸ்கேனா இருக்கு கண்ணுல."

"அவருகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. ஆம்பள ஊரு விட்டுப் போற நேரத்துல..." நிறுத்திக்கொண்டாள். எது சரி என்று அவளுக்கும் தெரியவில்லை. பின்னால் விரிப்பு சேர்ந்து மடிப்பு மேசை நிரம்பியது. சூப்பர்வைசர் கத்தினான். இருவரும் மடித்தார்கள்.

அன்று சாயந்திரம் நெட்டை ஒரு காலண்டர் வாங்கி அடுப்படிச் சுவரில் மாட்டினாள். ஞாயிறெல்லாம் சிவப்பில் இருந்தது. தினம் ஒரு கோடு அடித்தாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னதையே பிடித்துக்கொண்டு நடந்தாள், பழைய சட்டையில் ஒரு நூல் பிடித்துத் தொங்குகிற பொத்தான் மாதிரி. மாமியார் ஒரு நாளும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தை மட்டும் அவள் தூக்குவதற்கு முன் தானே போய் மடங்காத விரலால் தூக்கினாள்.

இருபத்தெட்டாம் நாள், புதன்கிழமை காலை, வயிறு இழுத்தது. கட்டையை எடுத்துக்கொண்டு போனாள். வந்திருந்தது. மாத்திரை போட்டு வரவழைக்காமல், யாரும் கூப்பிடாமல், ஒரு நாள் முன்பின் இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நாளில் வந்திருந்தது. உடம்பு ஒழுங்காக வேலை செய்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். வெளியே அடுத்தவள் கதவைத் தட்டினாள்: "அம்மா தாயே, கட்டையக் குடு, எனக்கு முட்டுது!" எழுந்து வந்து கொடுத்தாள்.

குட்டையக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அடுத்த விரிப்பின் மூலையை நீட்டினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்துக்கொண்டு மூட்டைகள் அடுக்கிய சுவருக்குப் பின்னால் போனாள். அவன் எடுத்ததுமே, "சாப்பிட்டியா? நேரத்துக்குச் சாப்பிடணும் இனிமே" என்றான்.

"வந்துருச்சுங்க."

காற்று இரைந்தது.

"முட்டைதான் வந்துச்சே" என்றான் கொஞ்சம் கழித்து. "நான்தான் வந்துட்டேனே. அப்புறம் எப்படி?"

"நீங்க வந்தப்ப அது செத்துப்போயிருந்துச்சு. திங்கக்கிழமையே வெடிச்சிருச்சு. நான் கார்டப் பாத்து எண்ணிட்டேன். ரெண்டு ஞாயித்துக்கிழமைய எண்ணல. அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாங்க. உங்ககிட்டச் சொல்ல வாய் வரல. திட்டணும்னா திட்டிருங்க. போற எடத்துல மனசுல வச்சுக்கிட்டு இருக்காதீங்க."

அவன் திட்டவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"நானும் எண்ணினேன்" என்றான்.

"என்னது?"

"நீ சொன்ன அன்னைக்கே எண்ணினேன். எங்க கார்டுல. அதுலயும் ஞாயிறு கெடையாது. எனக்கும் புதன்கிழமைதான் வந்துச்சு. உனக்கும் எனக்கும் ஒரே நாள் வருதே, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். போர்மேன் அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போறியாய்யான்னு கேட்டான். பாலம் முடிஞ்சுபோச்சு, கிரேனுக்கு வேலையில்ல. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணு நாளும் கொட்டகையில சீட்டாடிக்கிட்டுக் கெடந்தேன். இல்ல சார், செவ்வாய் ராத்திரி ஏறினாப் போதும், வீட்டுல ஒரு கணக்கு இருக்குன்னேன்."

அவள் சுவரில் சாய்ந்தாள். மூட்டைகளின் ஈரம் முதுகில் ஏறியது.

அவன் பக்கம் சங்கு ஊதியது. அதே நேரம் இவள் பக்கமும் ஊதியது.

"சனிக்கிழமை பிளேன் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"விடியக்காலை ஆறு."

"சரி."

"வச்சிரவா?"

"வச்சிருங்க."

இடைவேளை முடிந்து வரும்போதும் அட்டையைக் கடிக்கக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். 'டக்' என்றது. நூலில் கட்டிய பென்சில் பக்கத்திலேயே தொங்கியது. அட்டையைச் செருகிவிட்டு உள்ளே போனாள்.

குட்டையக்கா இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆவியில் எல்லாருக்கும் சிவக்கிற சிவப்பு என்றும் சொல்லலாம்.

"புள்ளி வச்சியாடி?"

"எதுக்குக்கா?"

ரோலர் அடுத்த விரிப்பைத் துப்பியது.

"சரி, மூலையப் புடி" என்றாள் குட்டையக்கா.

நெட்டை முதுகை வளைத்து மூலையைப் பிடித்தாள்.